உங்கள் கவனத்துக்கு நீங்கள் போடும் மதிப்பெண்: கேள்வித்தாளால் கவனக் கட்டுப்பாட்டை அளப்பது எப்படி?

"சுற்றிலும் சத்தமாக இருந்தால், கடினமான வேலை ஒன்றில் மனதைச் செலுத்துவது எனக்கு ரொம்பக் கஷ்டம்." இந்த வாக்கியம் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும்? 'கிட்டத்தட்ட ஒருபோதும் இல்லை', 'சில நேரம்', 'அடிக்கடி', 'எப்போதும்' என்ற நான்கில் ஒன்றை டிக் செய்யவேண்டும். இப்படி 20 வாக்கியங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கடைசியில் ஓர் எண் கிடைக்கும். உளவியல் ஆய்வறிக்கைகளில் 'கவனக் கட்டுப்பாடு' என்று தலைப்பிட்ட அட்டவணைகளில் நாம் பார்ப்பது பல நேரம் இந்த எண்ணைத்தான்.

பார்க்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஒருவருடைய கவனத்தை நேரடியாக அளக்கவில்லை. தன் கவனத்தைப் பற்றி அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை அளக்கிறது. அதற்காக அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. எதை அளந்தோம் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தவேண்டும், அவ்வளவுதான்.

முதலில், கவனக் கட்டுப்பாடு என்றால் என்ன? போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவில் ஒலிபெருக்கி அலறத் தொடங்குகிறது. காது தானாகவே அங்கே போகும். அதை யாரும் தடுக்க முடியாது. திடீர்ச் சத்தம், அசைவு, ஆபத்து என்றால் மனம் அந்தப் பக்கம் இழுபடுவது உயிர் பிழைப்பதற்காக வந்த பழக்கம். போன கவனத்தைத் திருப்பிப் பாடத்துக்குக் கொண்டுவருவது வேறு திறன். அங்கேயே பிடித்து நிறுத்துவது, வேண்டும்போது வேறொன்றுக்கு மாற்றுவது, குறுக்கே வரும் நினைப்புகளைத் தள்ளிவைப்பது, எல்லாம் சேர்ந்ததைத்தான் கவனக் கட்டுப்பாடு என்கிறார்கள். கவனம் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்வது வெளியுலகமா, நம் நோக்கமா என்பதுதான் இதில் கேள்வி.

இதை ஒருவரிடமே கேட்டு அளக்கலாம் என்ற எண்ணம் குணாதிசய ஆய்விலிருந்து வந்தது. 1988-இல் டக்ளஸ் டெர்ரிபெரியும் மேரி ராத்பார்ட்டும் மனிதர்களின் இயல்பான சுபாவத்தின் கூறுகளை ஆராய்ந்தபோது, கவனத்தை நிறுத்துவது, கவனத்தை மாற்றுவது என்ற இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்டார்கள். பிறகு 2002-இல் டெர்ரிபெரியும் மார்ஜொரி ரீடும் எழுதிய கட்டுரையில் அவை 20 வாக்கியங்கள் கொண்ட ஒரே அளவுகோலாக வந்தன. கவனக் கட்டுப்பாட்டு அளவுகோல் என்று இன்று பரவலாகப் புழங்குவது அதுதான். முதல் 9 வாக்கியங்கள் கவனத்தை நிறுத்துவது பற்றியவை, மீதி 11 மாற்றுவது பற்றியவை.

மதிப்பெண் போடும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் கல்லூரி ப்ராஜெக்ட்டுகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான். மீனா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 20-இல் நான்கு வாக்கியங்களை மட்டும் அவருக்குக் கொடுக்கிறோம். சத்தம் இருந்தால் கடினமான வேலையில் மனம் நிற்காது என்ற வாக்கியத்துக்கு 'அடிக்கடி' என்கிறார், அதாவது 3. அறையில் பாட்டு ஓடினாலும் என் கவனம் நன்றாக இருக்கும் என்பதற்கு 'சில நேரம்', 2. மும்முரமாக வேலை செய்யும்போதும் சுற்றி நடப்பவை என்னைத் திசைதிருப்பும் என்பதற்கு 'எப்போதும்', 4. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறுவேன் என்பதற்கு 'அடிக்கடி', 3. எல்லாவற்றையும் அப்படியே கூட்டினால் 12 வரும். அது தப்பு. முதலாவதும் மூன்றாவதும் குறையைச் சொல்லும் வாக்கியங்கள். அவற்றில் எண் கூடக்கூடக் கட்டுப்பாடு குறைவு என்று அர்த்தம். அதனால் அவற்றை 5-இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். 3 என்பது 2 ஆகும், 4 என்பது 1 ஆகும். இப்போது மொத்தம் 8. பன்னிரண்டுக்கும் எட்டுக்கும் இடையில் மீனா வேறு ஆளாகவே மாறிவிடுகிறார்.

முழு அளவுகோலில் 11 வாக்கியங்கள் இப்படித் தலைகீழானவை. மொத்த மதிப்பெண் 20-இலிருந்து 80 வரை போகலாம். தலைகீழ் வாக்கியங்களை வேண்டுமென்றேதான் கலக்கிறார்கள். எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று தலையாட்டும் சுபாவம் சிலருக்கு உண்டு. சிலர் படிக்காமலே ஒரே வரிசையில் டிக் அடித்துக்கொண்டு போவார்கள். 20-க்கும் 'அடிக்கடி' என்று அடித்தவருக்கு இந்த முறையில் 49 வரும். அதாவது ஏறக்குறைய நடுவில் விழுவார், உச்சிக்குப் போகமாட்டார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. நிறுத்துவது பற்றிய 9 வாக்கியங்களில் 6 தலைகீழ். மாற்றுவது பற்றியவற்றில் பாதிக்கு மேல் நேரானவை. அப்போது 'நிறுத்துதல்', 'மாற்றுதல்' என்று புள்ளியியல் இரண்டாகப் பிரித்துக் காட்டுவது நிஜமாகவே இரண்டு திறன்களையா, அல்லது குறையைச் சொல்லும் வாக்கியம், நிறையைச் சொல்லும் வாக்கியம் என்ற வேறுபாட்டையா? இந்தச் சந்தேகம் நியாயமானது. பின்னால் வந்தவர்கள் ஒழுங்காகப் பொருந்தாத வாக்கியங்களைக் கழித்து 12 வாக்கியங்கள் கொண்ட சுருக்க வடிவங்களையும் பயன்படுத்தினார்கள்.

சரி, டெர்ரிபெரியும் ரீடும் இந்தக் கேள்வித்தாளை வைத்து என்ன கண்டுபிடித்தார்கள்? பதற்றம் அதிகமுள்ளவர்களின் கவனம் ஆபத்தைச் சுட்டும் இடத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் என்பது அப்போதே பேசப்பட்டுவந்த விஷயம். இவர்கள் புள்ளிகள் சேர்க்கும் விளையாட்டு மாதிரி ஒரு கணினிச் சோதனை வைத்தார்கள். திரையில் ஒரு பக்கம் புள்ளிகளை இழக்க வாய்ப்புள்ள ஆபத்தான பக்கம். அங்கே கவனத்தை இழுத்துவிட்டு, இலக்கை மறுபக்கத்தில் காட்டினால் எவ்வளவு வேகமாக மாறுகிறார்கள் என்று பார்த்தார்கள். கால் நொடிக்குள் இலக்கு வந்தால் பதற்றக்காரர்கள் பொதுவாகவே ஆபத்துப் பக்கம் சிக்கிக்கொண்டார்கள். அரை நொடி அவகாசம் கொடுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. கேள்வித்தாளில் குறைந்த மதிப்பெண் எடுத்த பதற்றக்காரர்கள் அப்போதும் அங்கேயே நின்றார்கள். அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் விடுபட்டு வந்தார்கள். முதல் இழுப்பு பதற்றக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு, மீள்வதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு. காகிதத்தில் டிக் அடித்த பதில் மில்லிநொடிக் கணக்கோடு பொருந்திப்போனதால்தான் இந்தக் கேள்வித்தாளுக்கு மதிப்புக் கூடியது.

இந்த இடத்தில் இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்: நம்பகத்தன்மை, ஏற்புடைமை. ஒரே ஆளிடம் அடுத்த மாதம் கேட்டாலும் ஏறக்குறைய அதே மதிப்பெண் வருகிறதா, வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நம்பகத்தன்மை. லீ க்ரான்பாக் 1951-இல் விளக்கிய ஆல்ஃபா என்ற எண் இந்த ஒத்துப்போதலைத்தான் சொல்கிறது. ஏற்புடைமை என்பது வேறு. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்ற கேள்வி அது. ஆல்ஃபா 0.85 வந்துவிட்டது, ஆகவே கருவி சரியானது என்று ஆய்வேடுகளில் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். 20 வாக்கியங்களுக்கும் வந்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டுமே ஆல்ஃபா சொல்கிறது. அவற்றுக்குப் பின்னால் இருப்பது கவனமா, தன்னம்பிக்கையா, சும்மா அலுப்பா என்று அதற்குத் தெரியாது.

ஏற்புடைமையைப் பார்க்க எளிய வழி, கேள்வித்தாள் மதிப்பெண்ணைச் செயல்முறைச் சோதனைகளோடு ஒப்பிடுவது. சோதனைகளுக்குப் பஞ்சமில்லை. 1935-இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் செய்தது எல்லோருக்கும் தெரிந்தது. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதிவிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. வாய் 'சிவப்பு' என்று வரும், அடக்கிக்கொண்டு 'நீலம்' என்று சொல்லவேண்டும். அப்புறம் கண்ணை வைத்துச் செய்வது ஒன்று உண்டு. திரையில் வலப்பக்கம் புள்ளி மின்னினால் கண்ணை இடப்பக்கம் திருப்பவேண்டும். சொல்லக் கேட்டால் சுலபம், செய்து பார்த்தால் கண் முந்திக்கொண்டு புள்ளியைப் பார்த்துவிடும்.

கேள்வித்தாளில் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர் இவற்றிலும் கலக்குவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி நடப்பதில்லை. மேகி டோப்லாக், ரிச்சர்ட் வெஸ்ட், கீத் ஸ்டானோவிச் மூவரும் 2013-இல் 20 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கவனம், தன்கட்டுப்பாடு உள்ளிட்ட மனச் செயலாட்சித் திறன்களைக் கேள்வித்தாள் வழியாகவும் சோதனை வழியாகவும் அளந்த ஆய்வுகள் அவை. இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழுவின் இடைநிலை அளவு 0.19. முழுப் பொருத்தம் என்றால் 1, சம்பந்தமே இல்லை என்றால் 0. ஆக, இது மிகவும் மெலிந்த உறவு. கவனக் கட்டுப்பாட்டு அளவுகோலைத் தனியாக எடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் கதை இதேதான். சிலவற்றில் லேசான தொடர்பு, சிலவற்றில் அதுவும் இல்லை. 2017-இல் லியான் க்விக்லியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரையின் தலைப்பே நாம் அளப்பது திறனையா, நம்பிக்கையையா என்று கேட்டது.

அப்படியானால் மக்கள் பொய் சொல்கிறார்களா? அவ்வளவு அவசரமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஸ்கூட்டர் விளம்பரத்தில் போட்டிருக்கும் மைலேஜையும், அதை வைத்திருப்பவர் 'நல்லா ஐம்பது கொடுக்குது' என்று சொல்வதையும் நினைத்துப் பாருங்கள். முதலாவது சீரான பாதையில், சீரான வேகத்தில், கட்டுப்பாடான நிலையில் எடுத்தது. இரண்டாவது ட்ராஃபிக், மேடு பள்ளம், பின்னால் உட்கார்ந்த ஆள் எல்லாம் சேர்ந்த அனுபவம், கூடவே வண்டிமேல் அவருக்குள்ள பாசமும் சேர்ந்தது. இரண்டும் ஒன்றாக வராததற்கு ஒன்று பொய் என்பது காரணமில்லை. ஆய்வகச் சோதனையில் ஒருவர் பத்து நிமிடம் தன் முழுத் திறமையையும் காட்டுகிறார். ஆராய்ச்சியாளர் பக்கத்தில் இருக்கிறார், செல்போன் பையில் இருக்கிறது, என்ன செய்யவேண்டும் என்று துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கேள்வித்தாள் கேட்பது திங்கள் முதல் ஞாயிறு வரை நீங்கள் வழக்கமாக எப்படி என்பதை. முடிந்தால் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, வழக்கமாக எவ்வளவு என்பது வேறு கேள்வி.

குற்றம் சோதனைகள் பக்கமும் இருக்கிறது. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. கிரெய்க் ஹெட்ஜ், ஜார்ஜினா பவல், பெட்ரோக் சம்னர் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு விசித்திரத்தைக் காட்டியது. ஸ்ட்ரூப் போன்ற சோதனைகள் புகழ்பெற்றதற்குக் காரணம், யாரிடம் செய்தாலும் விளைவு கிடைக்கும் என்பது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி தடுமாறுகிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி தடுமாறினால், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை அந்தச் சோதனை எப்படிப் பிரித்துக் காட்டும்? மனித மனம் பொதுவாக எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவதற்கு அருமையான கருவி, ராமனையும் கோபாலையும் தரவரிசைப்படுத்துவதற்குச் சுமாரான கருவி. அதே ஆளிடம் சில வாரம் கழித்து மறுபடி எடுத்தால், வரிசை மாறிவிடும் சோதனைகளும் உண்டு. தன்னோடு தானே சரியாக ஒத்துப்போகாத ஓர் எண், கேள்வித்தாளோடு மட்டும் எப்படி ஒத்துப்போகும்?

இனி கேள்வித்தாளின் சொந்தக் குறைகளுக்கு வருவோம். அவற்றில் பெரியது எதுவென்றால், கவனம் சிதறியதை அறியவே கவனம் வேண்டும். மூன்று பக்கம் புரட்டிவிட்டு, எதுவும் மனதில் ஏறவில்லை என்று உணர்ந்தால் அது நினைவில் நிற்கும், கேள்வித்தாளில் பதிவாகும். உணராமலே போன சிதறல்கள் கணக்கிலேயே வராது. அதனால் தன்னைக் கூர்ந்து கவனிக்கும் ஒருவர் நிறையச் சிதறல்களைச் சொல்லுவார், எதையும் கண்டுகொள்ளாத ஒருவர் 'எனக்கு அந்தப் பிரச்சினையே இல்லை' என்பார்.

பிரிட்டிஷ் உளவியலாளர் டொனால்ட் பிராட்பென்ட் இந்தச் சிக்கலுக்கு அழகான ஒரு வழி கண்டார். அவரும் சக ஆய்வாளர்களும் 1982-இல் வெளியிட்ட கேள்வித்தாள் அன்றாடச் சறுக்கல்களைப் பற்றியது. 25 கேள்விகள், கடந்த ஆறு மாதத்தில் எவ்வளவு அடிக்கடி நடந்தது என்று கேட்கும். வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்கிறீர்களா? படித்ததை மனதில் வாங்காமல் மறுபடி படிக்க நேர்கிறதா? தீக்குச்சியைப் பற்றவைத்துவிட்டுப் பெட்டியை எறிந்து, எரிந்த குச்சியைப் பைக்குள் போட்டுக்கொள்வதுபோல் வேண்டியதை எறிந்து வேண்டாததை வைத்துக்கொள்கிறீர்களா? 'நீங்கள் கவனமானவரா' என்று பொதுவாகக் கேட்பதைவிட இப்படிச் சம்பவத்தைக் கேட்பது மேல் என்பது என் எண்ணம். சம்பவம் நினைவுக்கு வரும், சுயமதிப்பீடு கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். பிராட்பென்ட் குழு அதோடு விடவில்லை. கணவன் அல்லது மனைவியிடமும் தனியே கேட்டது. இருவர் சொன்னதும் ஓரளவு ஒத்துப்போனது. அதாவது, அந்த மதிப்பெண் வெறும் சொந்தக் கற்பனை அல்ல, வீட்டில் இருப்பவர் கண்ணிலும் பட்ட ஒன்று.

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் ஆளும் ஒரு பிரச்சினை. 'அடிக்கடி' என்றால் யாரைவிட அடிக்கடி? ஒரே அறையில் டிவி ஓட, தம்பி தங்கை சண்டைபோட, அங்கேயே உட்கார்ந்து பத்தாம் வகுப்பு முடித்தவருக்குச் சத்தம் என்பது பின்னணி. தனி அறையில் கதவைச் சாத்திப் படித்தவருக்கு மிக்ஸி ஓடினாலே தொந்தரவு. இருவரும் 'சில நேரம்' என்று டிக் அடித்தால், அது ஒரே பதில் அல்ல. இன்னொன்று, இந்த வாக்கியங்கள் எழுதப்பட்ட காலம். தொலைபேசியில் பேசிக்கொண்டே படிப்பது, எழுதுவது பற்றி ஒரு வாக்கியம் உண்டு. மடியில் இருக்கும் போன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிணுங்குவது பற்றி ஒன்றும் இல்லை. 2002-இல் அது இன்றைய அளவுக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை.

பதற்றத்தோடு உள்ள சிக்கலைத் தனியாகச் சொல்லவேண்டும். கவனக் கட்டுப்பாட்டுக் கேள்வித்தாளில் குறைந்த மதிப்பெண் எடுப்பவர்கள் பதற்றக் கேள்வித்தாளில் அதிகம் எடுப்பது திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கும் முடிவு. பதற்றம் கவனத்தைத் தின்றுவிடுகிறது என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. 2007-இல் மைக்கேல் ஐசென்க்கும் மற்றவர்களும் முன்வைத்த கோட்பாடு இப்படிச் சொல்கிறது: பதற்றக்காரர் வேலையைச் சரியாகவே முடிப்பார், ஆனால் அதற்கு மற்றவர்களைவிட அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கும். இது உண்மையானால், சோதனையில் அவருடைய குறை தெரியாமல் போகலாம், கேள்வித்தாளில் மட்டும் தெரியலாம். ஏனென்றால் அந்த மெனக்கெடல் அவருக்கு மட்டுமே தெரியும். எதிர்ப்பக்க விளக்கமும் வலுவானதுதான். பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்கள் தங்களைப் பற்றி எதைக் கேட்டாலும் குறைத்தே சொல்வார்கள். அப்போது இரண்டு கேள்வித்தாளிலும் பேசுவது அதே தாழ்வான சுயமதிப்பீடுதான். இரண்டையும் ஒரே ஆள், ஒரே பேனாவால், ஒரே மனநிலையில் நிரப்பியிருக்கிறார் என்பதை மறக்கக்கூடாது.

இந்தக் கேள்வித்தாளை நோய் கண்டறியும் கருவியோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. இத்தனைக்குக் கீழே போனால் பிரச்சினை என்ற வெட்டு எல்லை எதுவும் இதற்கு இல்லை. பெரியவர்களுக்கான ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த கோளாறு) அறிகுறிகளைப் பார்ப்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட 18 கேள்விகள் கொண்ட பட்டியல் வேறு. அதன் முதல் 6 கேள்விகள் முதல்கட்ட வடிகட்டல். அதுவும்கூட 'மருத்துவரைப் பார்ப்பது நல்லது' என்றுதான் சொல்லும், 'உங்களுக்கு இது இருக்கிறது' என்று சொல்லாது. இணையத்தில் வரும் 'உங்கள் கவனம் எத்தனை சதவீதம்?' வகையறாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாணவராக இருந்து, இப்படியொரு கேள்வித்தாளை ஆய்வுக்கு எடுப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். எக்செல் தாளில் தலைகீழ் வாக்கியங்களுக்குத் தனிப் பத்தி போட்டு, 5-இலிருந்து கழித்த எண்ணை அங்கே வையுங்கள். பழைய எண்ணை அழிக்காதீர்கள். ஆல்ஃபா வியப்பூட்டும் அளவுக்குத் தாழ்ந்து வந்தால், முதலில் சந்தேகப்படவேண்டியது அந்தப் பத்தியைத்தான். நிறுத்துதல், மாற்றுதல் மதிப்பெண்களைத் தனித்தனியாகவும் பாருங்கள், மொத்தத்தை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். பதற்றத்துக்கும் ஒரு கேள்வித்தாள் சேர்த்துக் கொடுத்தால், அதைக் கணக்கில் எடுத்த பிறகும் உங்கள் முடிவு நிற்கிறதா என்று சொல்ல முடியும். முடிந்தால் வீட்டில் உள்ள ஒருவரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

அறிக்கையில் 'கவனக் கட்டுப்பாடு குறைந்தவர்கள்' என்று எழுதாமல், 'தம் கவனக் கட்டுப்பாட்டைக் குறைவாக மதிப்பிட்டவர்கள்' என்று எழுதினால் தேர்வாளர் முன் பாதித் தொல்லை குறையும். முக்கியமாக, பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளக்கும் ஆய்வுகளில் இதைக் கவனியுங்கள். எட்டு வாரம் தியானம் கற்றுக்கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் அதே தாளை நீட்டினால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். எட்டு வாரம் மெனக்கெட்டவர் 'ஒன்றும் மாறவில்லை' என்று டிக் அடிப்பது அபூர்வம், அதுவும் கற்றுக்கொடுத்தவர் எதிரில் நிற்கும்போது. அந்த மாதிரி ஆய்வுக்கு ஒப்பீட்டுக் குழு ஒன்று வேண்டும், அந்தக் குழுவும் எட்டு வாரம் எதையாவது உருப்படியாகச் செய்திருக்க வேண்டும்.